ரேஸுக்கு முன்னால் வரும் படபடப்பு: எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது

ஜனவரி மூன்றாவது ஞாயிறு மும்பை மராத்தான். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நம்ம ஆட்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். முதலில் ஷூவைப் பற்றியோ, ஓடும்போது சக்திக்குச் சாப்பிடும் ஜெல்லைப் பற்றியோ கேட்பார்கள். போனை வைக்கப்போகும் நேரத்தில்தான், "அண்ணா, இன்னொண்ணு... ரெண்டு நாளா வயித்தைக் கலக்கிட்டே இருக்கு, இதோட ஓடலாமா?" என்று விஷயம் வெளியே வரும். வருஷா வருஷம் இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லி வந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: பயம் என்று சொல்லி வருகிற நிறைய பேருக்கு முதலில் சரிசெய்ய வேண்டியவை காபி, ராத்திரிச் சாப்பாடு, ரயில் நேரம், கணக்குப் போடாத வேகம், இந்த மாதிரி சின்னச் சின்ன விஷயங்கள்தான். அதையெல்லாம் பார்க்காமல் "தைரியமா இரு" என்று முதுகில் தட்டி அனுப்பினால் ஒன்றும் நடக்காது.

உங்களுக்கு எந்த அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணத்தை முதலில் சொல்கிறேன், டாக்டர் கடைசியில். ஆனால் நெஞ்சு வலி, மயக்கம், காய்ச்சல் இந்த மூன்றில் எது இருந்தாலும் இந்த வரிசையெல்லாம் கிடையாது, உடனே டாக்டர்தான்.

## ஒரு வாரம் முன்பு: இதுவரை இல்லாத வலி எங்கேயோ வருகிறது

கடைசி இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைக்கும்போது இது வரும். முழங்கால், குதிகால், தொடை, ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே. நேரம் மிச்சமாகிறது, கவனம் முழுக்க உடம்பின் மேல் திரும்புகிறது, மாசக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்ட சின்ன வலியெல்லாம் பெரிதாகத் தெரிகிறது. இடம் மாறிக்கொண்டே இருந்தால், நடந்து உடம்பு சூடானதும் காணாமல் போனால், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இடம் மாறவில்லை என்றால் சமீபத்தில் எதை மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். போன வருஷம் சயான் பக்கத்து அக்கா ஒருவர், கால் எலும்பில் வலி, ஓட முடியாது போல என்று கலங்கிப்போய் வந்தார். ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா பெஞ்சில் உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் கட்டைவிரலை வைத்து ஒவ்வொரு அங்குலமாக அழுத்திக்கொண்டே கணுக்கால் வரை அவரையே வரச் சொன்னேன். பெண்ணின் பத்தாம் வகுப்புப் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே அழுத்தினார், எந்த இடத்திலும் முகம் மாறவில்லை. விரலைப் பின்பக்கச் சதைக்குக் கொண்டுபோனதும்தான் "ஆ, இங்கதான்" என்றார், அதுவும் உள்ளங்கை அகலத்துக்கு. காலில் இருந்தது ரேஸுக்கென்று புதிதாக வாங்கிய ஷூ. பழைய ஷூவுக்குத் திரும்பினார், இரண்டு நாளில் வலி போய்விட்டது.

எப்போது டாக்டர்: எலும்பின் மேல் ஒரே புள்ளியில், விரல் நுனி அகலத்தில், அழுத்தினால் சுருக்கென்று வலித்தால், அல்லது ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால். அது எலும்பில் மயிரிழை முறிவாக இருக்கலாம். ஒற்றைக் காலில் குதித்தெல்லாம் சோதிக்காதீர்கள். எலும்பு மூட்டு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் பணத்துக்கு யோசித்துத் தள்ளிப்போட வேண்டாம்.

## "என்னால் முடிக்க முடியாது" என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது

இதற்கு முதல் மருந்து பேப்பரும் பேனாவும். எதைக் கண்டு பயம் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "ரேஸைக் கண்டு" என்று எழுதினால் போதாது, அதைப் பிடித்து ஒன்றும் செய்ய முடியாது. பெடர் ரோடு ஏற்றமா, நேரம் முடிந்து வண்டியில் ஏற்றிவிடுவார்களோ என்றா, ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிவிட்டோமே என்றா?

நேரம்தான் பயம் என்றால் கணக்குப் போடுங்கள். ஹாஃப், அதாவது அரை மராத்தான், 21.097 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 8 நிமிஷம் என்று போனால்கூட 2 மணி 49 நிமிஷத்தில் முடிந்துவிடும். ஃபுல், அதாவது முழு மராத்தான், 42.195, அதே வேகத்தில் 5 மணி 38 நிமிஷம். ஏற்பாட்டாளர்கள் கொடுத்திருக்கிற கடைசி நேரத்தை இதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். இடையில் எவ்வளவு நிமிஷம் மிச்சம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்ததும் பாதிப் பேருக்குத் தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். மிச்சம் இல்லை என்று தெரிந்தாலும் நல்லதுதான், எங்கே நடப்பது, எங்கே ஓடுவது என்று இப்போதே திட்டம் போடலாம்.

பாதைதான் பயம் என்றால் போய்ப் பாருங்கள். பாதை வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறும், அதனால் இந்த வருஷத்து வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் பெடர் ரோடு இருந்தால் ஒரு ஞாயிறு விடிகாலை ஹாஜி அலியிலிருந்து கெம்ப்ஸ் கார்னர் வரை மெதுவாக ஒரு தடவை ஏறிவிட்டு வாருங்கள். முடிகிறது என்று கால் தெரிந்துகொண்டுவிட்டால் அப்புறம் மனசு அவ்வளவு வாதாடாது. கடல் மேல் போகும் பாந்த்ரா-வொர்லி ஸீ லிங்க் பாலத்தை மட்டும் ஒத்திகை பார்க்க முடியாது, சாதாரண நாளில் அங்கே நடந்து போக அனுமதி இல்லை. அதற்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: 5.6 கிலோமீட்டர் நீளம், மேலே போனால் கடல் காற்று இருக்கும்.

பயிற்சியே போதவில்லை என்பது உண்மையாகவும் இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். ஹாஃபுக்குப் பதிவு செய்துவிட்டு இதுவரை ஓடிய நீண்ட தூரமே 10 கிலோமீட்டர்தான் என்றால் உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது. கடைசி வாரத்தில் 18 ஓடி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அதனால் கால்தான் கெடும். ஆரம்பத்திலிருந்தே நடையும் ஓட்டமுமாகப் போங்கள், அல்லது இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

## முந்தின ராத்திரி தூக்கம் வரவில்லை

எனக்கு அதிகமாக வரும் போன் இதற்குத்தான், அதுவும் ராத்திரி 11 மணிக்கு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வாரம் முழுக்க ஒழுங்காகத் தூங்கியிருந்தால், ஒரு ராத்திரி தூக்கம் கெட்டதால் மறுநாள் ஓட்டம் கெட்டுவிடாது. ரேஸுக்கு முந்தின ராத்திரி புரண்டு புரண்டு படுத்துவிட்டு நன்றாக ஓடி முடித்தவர்கள் ஏராளம். அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரியைக் காப்பாற்றுங்கள், சனிக்கிழமை கிடைத்த வரை போதும்.

அப்புறம், சனிக்கிழமை கடைசிக் காபி எத்தனை மணிக்கு? காபியின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 5 மணிக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஃபில்டர் காபி, வீட்டுக்கு யாரோ வந்தார்கள் என்று 7 மணிக்கு இன்னொன்று, அதோடு 9 மணிக்குப் படுத்தால் எப்படித் தூக்கம் வரும்? மதியத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் காலையில் வழக்கமான காபியை விடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும்.

காபி காரணம் இல்லையென்றால், மனசு எதையோ விடாமல் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது சாமான்தான். பிப் (நெஞ்சில் குத்தும் எண் அட்டை) எங்கே, சேஃப்டி பின் நாலும் இருக்கிறதா, வாட்ச் சார்ஜ் ஆகிறதா. எழுந்து லைட்டைப் போட்டு, பனியனில் பிப்பைக் குத்தி, ஷார்ட்ஸ், சாக்ஸ், ஷூ எல்லாவற்றையும் போடுகிற வரிசையில் நாற்காலியில் வைத்துவிட்டு வந்து படுங்கள். ரேஸுக்கு முன் நடக்கும் கண்காட்சியான எக்ஸ்போவுக்குப் போய் பிப் வாங்குவதை சனிக்கிழமை வரை இழுப்பவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் அதிகம். வெயிலில் வரிசையில் நின்று களைத்து வருவார்கள், தூக்கம் மட்டும் வராது. வியாழன் அல்லது வெள்ளியிலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது ரயில். மராத்தான் அன்று விடிகாலையில் ரயில்வே ஸ்பெஷல் லோக்கல் விடுவது உண்டு, அறிவிப்பைப் பார்த்து நேரத்தை எழுதி வையுங்கள், அதற்கு அடுத்த வண்டியையும் எழுதுங்கள். ஃபுல் ஓடுகிறவர்கள் சிஎஸ்எம்டி போக வேண்டும். ஹாஃப் சில வருஷமாக மாஹிமில் தொடங்குகிறது, உங்கள் ரேஸ் எங்கே தொடங்குகிறது என்று பதிவு விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இருட்டில் தப்பான ஸ்டேஷனில் இறங்கி ஓடியவர்கள் உண்டு. பராமரிப்பு வேலைக்காக ரயிலைக் குறைக்கும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் பெரும்பாலும் பகல் 11 மணி சுமாருக்குத்தான் ஆரம்பிக்கும், அதனால் தொந்தரவு திரும்பி வரும்போதுதான், போகும்போது இல்லை. எழுந்திருக்க மாட்டோமோ என்ற பயம் இருந்தால் இரண்டு போனில் அலாரம் வைத்து, ஒன்றை எழுந்து நடந்து போய் அணைக்கிற தூரத்தில் வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் தூக்கம் வராவிட்டால் கண்ணை மூடிப் படுத்திருங்கள், அதுவும் ஓய்வுதான். மணி பார்க்காதீர்கள். வீட்டில் யாரோ சாப்பிடும் தூக்க மாத்திரையைப் பாதி போட்டுக்கொள்வது மட்டும் கூடவே கூடாது, அந்த மந்தம் காலை 5 மணிக்கும் உடம்பில் இருக்கும்.

எப்போது டாக்டர்: ரேஸ் முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆகியும் வாரத்தில் பாதி நாள் தூக்கம் இல்லை என்றால், அது ரேஸ் பயம் இல்லை.

## காலையில் வயிற்றைக் கலக்குகிறது, திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது

பதற்றத்தில் குடல் வேகமாக வேலை செய்யும், இது எல்லாருக்கும் நடப்பதுதான். இரண்டு தடவை போய்விட்டு வயிறு லேசாகிவிட்டால் உடம்பு தயாராகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நேரம் ஒதுக்குங்கள், அவ்வளவுதான். ஸ்டார்ட்டில் தற்காலிகக் கழிப்பறை முன்னால் நீளமான வரிசை இருக்கும். வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புகிற மாதிரி அரை மணி முன்னதாக எழுந்திருங்கள். டிஷ்யூவோ சின்னத் தண்ணீர் பாட்டிலோ கையில் இருக்கட்டும்.

அதற்கு மேலும் கலக்கினால் சனிக்கிழமை என்ன சாப்பிட்டீர்கள்? ராஜ்மா, சோலே, பச்சைக் காய் சாலட், காரமான பாவ்பாஜி, இதெல்லாம் மற்ற நாளில் சாப்பிடலாம். முந்தின நாள் நார்ச்சத்து குறைவாக, எண்ணெய் குறைவாக, பழகிய சாப்பாடு. ரசம் சாதம், இட்லி, இடியாப்பம், பால் ஒத்துக்கொள்கிறவர்களுக்குத் தயிர் சாதம். எக்ஸ்போவில் இலவசமாகக் கொடுத்த பார், ஜெல் எதையும் ரேஸ் அன்று முதல் தடவையாக வாயில் வைக்காதீர்கள். காலையில் ஓடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமும் பிரட்டுமோ போதும். குமட்டல் வந்து எதுவும் இறங்காவிட்டால் பாதி வாழைப்பழத்தைக் கடித்துக் கடித்து மெதுவாகச் சாப்பிடுங்கள், வெறும் வயிறு படபடப்பை இன்னும் கூட்டும்.

சிறுநீர் அடிக்கடி வந்தால், பயத்தில் தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறீர்களா என்று பாருங்கள். மும்பையில் ஜனவரியிலும் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை கொட்டும், அதனால் இப்போதே நிரப்பிக்கொள்வோம் என்று லிட்டர் கணக்கில் குடிக்கிறவர்கள் உண்டு. அது ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். தாகம் எடுத்தால் குடியுங்கள், தாகத்துக்கு மேல் வேண்டாம்.

எப்போது ஓடக்கூடாது: காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு, ரத்தம், தண்ணீராகப் பலமுறை போவது, குடித்ததெல்லாம் வாந்தியாக வருவது. இதில் எது இருந்தாலும் ஓட்டத்தை விடுங்கள், ஓஆர்எஸ் குடித்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். வயிற்றை நிறுத்தும் மாத்திரையைப் பக்கத்தில் நிற்பவரிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். முன்னெச்சரிக்கையாக வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் பழக்கமும் நம்ம ஆட்களிடம் இருக்கிறது, நீண்ட ஓட்டத்தில் இபுபுரூஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

## நிற்கும்போதே இதயம் தடதடக்கிறது, வாட்ச்சில் 110 காட்டுகிறது

வாட்ச்சை நம்பும் முன் கழுத்தில் விரல் வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மணிக்கட்டில் பட்டை லூசாக இருந்தால் வாட்ச் தப்பாகக் காட்டும். உண்மையாகவே 100, 110 இருந்தாலும் அந்த இடத்தில் அந்த நேரத்தில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். காலையில் வழக்கத்தை விடக் கூடுதலாகக் காபி குடித்தீர்களா, காஃபீன் கலந்த ஜெல் எடுத்தீர்களா என்று யோசியுங்கள். அப்புறம் மூச்சை மூக்கால் 4 எண்ணி உள்ளே இழுத்து, வாயால் 7, 8 எண்ணி வெளியே விடுங்கள், பத்துத் தடவை. திரும்ப எண்ணிப் பாருங்கள், கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும்.

"பயமா இருக்கு" என்பதற்குப் பதிலாக "ஜோரா இருக்கு, உடம்பு ரெடி" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம், ஆனால் அடங்கு அடங்கு என்று இதயத்தோடு சண்டை போடுவதை விட இது சுலபமாக நடக்கிறது.

ஒருவர் பிபிக்குக் கொடுத்த மாத்திரையை "நடுக்கம் நிக்கும்" என்று இன்னொருவர் போடுவதைப் பார்த்திருக்கிறேன். சில பிபி மாத்திரைகள் இதயத்தை வேகமெடுக்கவே விடாது, அதோடு பெடர் ரோடு ஏறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எப்போது மெடிக்கல் டென்ட்: நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், இடது கை, தாடை, முதுகுப் பக்கம் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், துடிப்பு தாளம் தப்பித் தப்பி அடிப்பது. இது பதற்றமா மாரடைப்பா என்று அங்கே நின்று நீங்களோ நானோ தீர்மானிக்க முடியாது. இதயம் என்றே எடுத்துக்கொண்டு டென்ட்டுக்குப் போங்கள், வெளியே இருந்தால் 108. நாற்பது தாண்டியவர்கள், சுகர், பிபி, கொலஸ்ட்ரால் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறவர்கள், ஓடும்போது ஒருமுறையாவது மயங்கியவர்கள் ரேஸ் வாரம் வரை காத்திருக்காமல் பயிற்சி தொடங்கும்போதே இதய டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ஈசிஜி போதுமா, டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்று அவர் சொல்வார்.

## கை நடுங்குகிறது, உடம்பு சில்லிடுகிறது

பழைய முழுக்கை டி-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள், அந்த இடத்திலேயே பத்து நிமிஷம் நடங்கள். பின் குத்த வரவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நடுக்கத்தோடு உடம்பு சுட்டால் மட்டும் அது காய்ச்சல், ஓடாமல் திரும்பி டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலோடு ஓடினால் இதயத் தசை வரை பாதிக்கலாம்.

## கூட்டத்துக்குள் மூச்சு முட்டுகிறது

பிப்பில் போட்டிருக்கும் பிரிவுக்குள் நெருக்கியடித்து நிற்கும்போது வரும். முதலில் ஓரத்துக்கு வாருங்கள், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிரிவில் பின்னால் நிற்பதால் ஒன்றும் நஷ்டம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் கோட்டைத் தாண்டும்போதுதான் நேரம் பதியும் சிப் உங்கள் நேரத்தை எண்ண ஆரம்பிக்கும். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகிற மாதிரி இருந்தால் மூச்சை அதிகமாக இழுக்கிறீர்கள். இன்னும் இழுக்காதீர்கள், விடுவதை நீட்டுங்கள், கம்பியில் விரலால் தட்டித் தட்டி எண்ணுங்கள். பேப்பர் பையில் மூச்சு விடுவது வேண்டாம்.

நெஞ்சுக்குள் விசில் மாதிரி சத்தம், இருமல் என்றால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். ஜனவரியில் மும்பைக் காற்று மோசமாக இருக்கும், கட்டுமானத் தூசி வேறு. இன்ஹேலர் உள்ளவர்கள் அதை லக்கேஜ் பையில் போட்டுவிடாமல் பாக்கெட்டில் வையுங்கள். இன்ஹேலருக்கும் அடங்கவில்லை என்றால் டென்ட்.

## ஓட ஆரம்பித்ததும் வேகம் கையில் நிற்கவில்லை

பதற்றம் கடைசியாக வெளியே வருவது இப்படித்தான். டோல் தாஷா மேளச் சத்தம், கூட்டம், முதல் கிலோமீட்டர் நினைத்ததை விட அரை நிமிஷம் வேகமாகப் போய்விடும், அதற்கான விலையைக் கடைசி ஐந்து கிலோமீட்டரில் கொடுக்க வேண்டியிருக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் தடுமாறும், அதனால் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு வாட்ச்சைப் பார்க்காமல் பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். தமிழோ மராத்தியோ இந்தியோ, வாக்கியம் நடுவில் அறுந்தால் குறைக்க வேண்டும். கால் கல்லாகக் கனத்தாலும் இதே பதில்தான், இரண்டு மூன்று கிலோமீட்டரில் பெரும்பாலும் விட்டுவிடும். விடாமல் நொண்டினால் நில்லுங்கள்.

## போகவே வேண்டாம் என்று தோன்றுகிறது

அலாரம் அடித்ததும் இப்படித் தோன்றினால் முடிவெடுக்காதீர்கள். ஷூவைப் போடுங்கள், ஸ்டேஷன் வரை போங்கள், வேண்டுமென்றால் ஸ்டார்ட்டில் நின்றுவிட்டுத் திரும்பலாம் என்று உங்களுக்கே அனுமதி கொடுங்கள். அங்கே வரை வந்தவர்களில் திரும்பிப் போனவர்களை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஓட்டம் என்றில்லை, ஆபீஸ் மீட்டிங், லோக்கலில் ஏறுவது, கல்யாண வீட்டுக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இதே திகில் வருகிறது, திடீரென்று செத்துவிடுவோமோ என்று சில நிமிஷம் உலுக்கிவிட்டுப் போகிறது, அது மறுபடி வருமோ என்று வெளியே போவதையே குறைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், மேலே சொன்ன எதுவும் அதற்குப் போதாது. மனநல டாக்டரைப் பாருங்கள், இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, ராத்திரி எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.